எங்கள் கார் ஏன் கொதித்தது?



இந்த இதழுக்கு அறிவியல் பக்கத்தை நான் எழுதணும்னு டீச்சர் சொன்னாங்க. "புத்தகத்தைப் பார்த்து எழுதாதே. உனக்கு நல்லாத் தெரிஞ்ச ஒண்ணை எழுது" என்றார்கள். எனக்கு நல்லாத் தெரிஞ்சது ரேடியேட்டர்தான். சிரிக்காதீங்க. போன மாசம் ஆறு நாள் முழுக்க அதைத்தான் படித்தேன். காலாண்டுத் தேர்வுக்குக்கூட அப்படிப் படித்ததில்லை.

எங்க அப்பா இருபது வருஷமா அடுத்தவங்க காரை ஓட்டியவர். இந்த வருஷம்தான் சொந்தமா ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கினார். மஞ்சள் போர்டு, மூணு கை மாறினது. 60,000 ரூபாய் முதலில் கொடுத்தாச்சு. அதில் பாதி அம்மாவின் வளையல். மீதி 45,000 ரூபாயைப் பத்து நாள் கழித்து சனிக்கிழமை கொடுக்கணும். "ஏதாவது கோளாறுன்னா அதுக்குள்ள சொல்லிடுங்க. பணம் கை மாறின பிறகு என்னைக் கேக்கக்கூடாது" என்று விற்றவர் சொல்லிவிட்டார். காரைத் திருப்பிக் கொடுத்தால் 10,000 ரூபாய் பிடித்துக்கொள்வார். இதுதான் பேச்சு.

முதல் ஞாயிற்றுக்கிழமையே பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு வாடகை கிடைத்தது. அந்த மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஆழியாறு தாண்டி ஏற ஆரம்பித்ததும் டெம்பரேச்சர் முள் மேலே போயிருக்கிறது. சிவப்புக் கோட்டைத் தொட்டதும் திடீர்னு சர்ருனு கீழே இறங்கிவிட்டது. "சரி, ஆறிடுச்சு போல" என்று அப்பா இன்னொரு வளைவு ஏறியிருக்கிறார். அதுதான் தப்பு. முள் அப்படி விழுந்தால் ஆறியது என்று அர்த்தமில்லை. சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீருக்குள் இருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே போய்விட்டால் அது ஆவியிலும் காற்றிலும் தொங்கிக்கொண்டு பொய் சொல்லும். ஒன்பதாவது வளைவில், கீழே அணை தெரியுமே, அந்த இடத்தில் பானட்டிலிருந்து புகை மாதிரி ஆவி வந்து கார் நின்றது.

அப்பா அவசரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டார். கொதிக்கிற தண்ணீர் பீய்ச்சி அடித்து வலது கை வெந்துபோச்சு. காரில் வந்த குடும்பம் பஸ் ஏறிப் போய்விட்டது. வாடகை கொடுக்கவில்லை. அதை நாங்கள் கேட்கவும் முடியாது இல்லையா?

மறுநாள் மெக்கானிக் மாமா வீட்டுக்கு வந்தார். (சொந்த மாமா இல்லை. அப்பாவோடு படித்தவர்.) "ஹெட் கேஸ்கட் போயிருந்தா காரைத் திருப்பிக் கொடுத்துரு. வேற ஏதாச்சும்னா சொல்ப காசுல முடிஞ்சிரும். எதுன்னு பாத்துப்போட்டுச் சொல்றேன்" என்றார். அப்பா கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். எழுதிவைக்க ஆள் வேணும். "அம்மிணி, நோட்டை எடு" என்றார் மாமா. அப்படித்தான் நான் உள்ளே வந்தேன்.

கோளாறைச் சொல்வதற்கு முன்னால், எஞ்சினுக்கு ஏன் தண்ணீர் என்று பார்ப்போமா?

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது அந்த வாயு 2000 டிகிரிக்கும் மேலே சூடாகும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். அப்படியிருந்தும் எஞ்சின் உருகாமல் இருக்கக் காரணம் சுற்றிலும் ஓடுகிற தண்ணீர்தான். எரிகிற பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெளியே போகிறது. இன்னொரு பங்கைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகிறது. மிச்சம் இருப்பதில்தான் கார் ஓடுகிறது. தன் வெப்ப ஏற்புத்திறன் என்று பாடத்தில் படித்தோமே, ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் வேணும். காற்றுக்கு சுமார் 1 ஜூல் போதும். அதனால் தண்ணீர் நிறைய வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். வாட்டர் பம்ப் (ஒர்க்‌ஷாப்பில் 'வாட்டர் பாடி' என்பார்கள்) அதை ரேடியேட்டருக்குத் தள்ளும். அங்கே மெல்லிய குழாய்களில் இறங்கும்போது ஃபேன் காற்றுப் பட்டு ஆறி, மறுபடி எஞ்சினுக்குள் போகும்.

பெர்த்தா பென்ஸ் என்று ஒரு அம்மா ஜெர்மனியில் இருந்தார். காரைக் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி. 1888 ஆகஸ்டில் தன் இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் காரிலேயே போனார். உலகத்திலேயே காரில் அவ்வளவு தூரம் முதலில் போனது அவர்தான். அந்தக் காரில் தண்ணீர் ஆவியாகித்தான் எஞ்சின் ஆறும். திரும்ப ஆறவைக்க இப்போது மாதிரி ரேடியேட்டர் கிடையாது. அதனால் வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போயிருக்கிறார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தாராம். பொம்பளப் பிள்ளைக்கு பானட்டுக்குள்ள என்ன வேலைன்னு கேட்ட எங்க பக்கத்து வீட்டு அண்ணனுக்காக இதை எழுதுகிறேன்.

சரி, கோளாறுக்கு வருவோம்.

மாமா முதலில் எதையும் கழற்றவில்லை. மறுநாள் விடியற்காலை, எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது வந்தார். "சூட்டுல தொறந்தா உங்கப்பன் கதைதான்" என்றார். குளிர்ந்த பிறகு மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். தண்ணீர் துருப்பிடித்த செம்மண் நிறம். ஆனால் மேலே எண்ணெய் மினுமினுப்பு இல்லை. அடுத்து ஆயில் ஸ்டிக்கை உருவினார். ஆயில் கறுப்பாக இருந்தது. ஆயிலோடு தண்ணீர் கலந்தால் மோரில் காபி ஊற்றின மாதிரி ஆகிவிடுமாம். எங்களுடையது அப்படி இல்லை. அப்பா முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்தது. மாமா விடவில்லை. "இது ஒரு சாட்சிதான். இன்னும் ரெண்டு சாட்சி வேணும்" என்றார்.

ஹெட் கேஸ்கட் என்பது எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் தகடு. அது போய்விட்டால் எரிகிற வாயு தண்ணீருக்குள் புகுந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க மூடியைத் திறந்து வைத்தே, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். முதலில் நாலைந்து குமிழி வந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு நின்றுவிட்டது. அது உள்ளே மாட்டியிருந்த காற்றாம். வாயு கசிந்தால் சோடா பாட்டில் மாதிரி நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். சூடு ஏறுவதற்கு முன்பே மூடியைப் போட்டு மேல் ஹோஸை அழுத்திப் பார்த்தார். மெத்தென்று இருந்தது. கேஸ்கட் போன வண்டியில் ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிஷத்திலேயே, தண்ணீர் சூடாகும் முன்பே, ஹோஸ் கல் மாதிரி இறுகிவிடும். சைலன்சரிலும் வெள்ளைப் புகை நிற்காமல் வரவில்லை. காலையில் கொஞ்ச நேரம் வந்தது பனி ஆவி.

அப்படியானால் தண்ணீர் எங்கே போகிறது? காருக்கு அடியில் ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டோம். காலையில் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. ஆனால் ரேடியேட்டரில் அளந்து ஊற்றினேன். செவ்வாய் காலை 400 மில்லி குறைந்திருந்தது. புதன் காலை 450. (அம்மாவின் சமையல் அளவுக் கப்பை எடுத்துப் போய்த் திட்டு வாங்கினேன்.) இரண்டு நாளும் அப்பா கட்டுப் போட்ட கையோடு பக்கத்து ஊர் வரைக்கும்தான் ஓட்டியிருந்தார்.

இங்கேதான் நான் ஒன்று கண்டுபிடித்தேன். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் வெள்ளை பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கும். ரிசர்வ் டப்பா. அதில் தண்ணீர் மட்டம் எங்கே என்று நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டு வைத்தேன். புதன் காலை தண்ணீர் கோட்டுக்கு மேலே இருந்தது! ரேடியேட்டரில் குறைந்தது டப்பாவில் ஏறியிருக்கிறது. தண்ணீர் காணாமல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் என் தலையில் கிரீஸ் கையை வைத்துவிட்டார். எண்ணெய்க் குளியல் போட வேண்டியதாச்சு.

விஷயம் இதுதான். சூடானால் தண்ணீர் விரிவடையும். அதிகமானது மூடி வழியாக டப்பாவுக்குப் போகும். ஆறும்போது சுருங்கி, டப்பாவிலிருந்து திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் காரில் போவது போகிறது, திரும்பி வருவதில்லை. அப்படியானால் மூடி கெட்டுப்போயிருக்கணும். கேஸ்கட் போனாலும் தண்ணீர் டப்பாவுக்குத் தள்ளப்படும், ஆனால் அதை ஏற்கெனவே சோதித்தாச்சு. அதனால்தான் மாமா அந்தச் சோதனையை முதலில் செய்திருக்கிறார்.

மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. நம்ம வீட்டு குக்கர் கேஸ்கட் பழசானால் என்ன ஆகும்? பக்கவாட்டில் ஆவி போகும், விசில் வராது, பருப்பு வேகாது. இதுவும் அதேதான். மூடியின் மேலே 0.9 என்று எழுதியிருக்கும். அந்த அளவு அழுத்தம் வரைக்கும் அது அடக்கி வைக்கும். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் அந்த அழுத்தத்தில் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடி அடக்கவில்லை என்றால் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலையில் இன்னும் மோசம். 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி குறையும். வால்பாறை ஏறக்குறைய 3500 அடி உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். இந்தக் கணக்கை நானே போட்டேன், டீச்சர் சரி பார்த்தாங்க.

அப்பா கை வெந்ததும் இதனால்தான். அழுத்தத்தில் 110 டிகிரியில் கொதிக்காமல் அடங்கி இருந்த தண்ணீர், மூடி திறந்த நொடியில் ஆவியாகிப் பீறிடுகிறது. கெட்டுப்போன மூடிதானே என்று நினைக்கக்கூடாது. பாதி கெட்ட மூடியும் பாதி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆத்தா வந்து இட்லி மாவைப் பூசினார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்கா திட்டினார்கள். சுட்ட இடத்தில் இருபது நிமிஷம் ஓடுகிற தண்ணீரைத்தான் விடணுமாம். மாவு, பேஸ்ட், இங்க் எதுவும் கூடாது.

புதுமூடி 250 ரூபாய். போட்டு, வியாழக்கிழமை அப்பாவும் மாமாவும் பொள்ளாச்சி மார்க்கெட் நெரிசலுக்குள் ஓட்டிப் பார்த்தார்கள். மறுநாள் காலை ரேடியேட்டரில் குறைந்தது 50 மில்லிதான். ஆனால் முள் இன்னும் முக்கால் வரை ஏறியது. ஆக, கோளாறு ஒன்று இல்லை. எனக்கு அழுகை வந்தது. நாளை மறுநாள் சனிக்கிழமை.

மாமா சொன்ன கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடாகி, ரோட்டில் வேகமாகப் போனால் ஆறினால் ஃபேனைச் சந்தேகப்படணும். ஓடும்போது காற்று தானாக வரும், நிற்கும்போது ஃபேன்தான் வேலை செய்யணும். மாறாக, வேகமாகப் போகும்போதும் மேடு ஏறும்போதும் சூடானால் ரேடியேட்டர் அடைப்பு, அல்லது பம்ப். எங்களுக்கு இரண்டிலும் ஏறியது.

ஃபேன் ஓடியது. மாமா ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு செய்தித்தாளைப் பிடித்தார். மேல் பாதியில் தாள் ஒட்டிக்கொண்டது. கீழ் பாதியில் விழுந்துவிட்டது. தகடுகளுக்கு நடுவில் சேறும் பூச்சியும் அப்பியிருந்தது. பின்பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவினோம். வேகமாக அடித்தால் தகடு மடங்கிவிடும். பிறகு எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, ஃபேன் ஒயரைக் கழற்றிவிட்டு (சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் ஃபேன் தானாகச் சுற்றும், விரல் போயிடும்) ரேடியேட்டர் முழுக்கத் தொட்டுப் பார்த்தார். மேலே சுட்டது. நடுவில் ஓரிடத்தில் ஜில்லென்று இருந்தது. அந்தக் குழாய்களில் தண்ணீரே போகவில்லை. காரணம் போர்த் தண்ணீர்! முன்னால் வைத்திருந்தவர் உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். நம்ம வீட்டு வெந்நீர் அண்டாவுக்குள் வெள்ளையாகப் படியுமே, அதேதான் குழாய்க்குள்ளும் படிந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை ரேடியேட்டர் கடையில் மேல் தொட்டியைப் பிரித்து, மெல்லிய தகட்டை ஒவ்வொரு குழாயிலும் விட்டு உப்பைக் குத்தி எடுத்தார்கள். ஒரு கொட்டாங்குச்சி அளவு வந்தது. பித்தளை ரேடியேட்டர் என்பதால் இது முடிந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் தொட்டி வைத்த இப்போதைய அலுமினிய ரேடியேட்டர் என்றால் பெரும்பாலும் மாற்றத்தான் வேணுமாம்.

இன்னொன்றும் தெரிந்தது. தெர்மோஸ்டாட் என்று ஒரு வால்வு உண்டு. உள்ளே மெழுகு இருக்கும். 82 டிகிரி அல்லது 88 டிகிரி வாக்கில் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். அதுவரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். அதனால் ஸ்டார்ட் செய்ததும் மேல் ஹோஸ் கொஞ்ச நேரம் ஆறியே இருந்து, பிறகு திடீரென்று சுடணும். எங்களுடையது முதலிலிருந்தே மெதுமெதுவாகச் சூடானது. கழற்றிப் பார்த்தால் வீடு இருக்கு, ஆள் இல்லை! "நம்மூர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இது நிறையப் பேர் செய்வதுதானாம். அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடாக நேரமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும். சில எஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே திரும்பி, சூடு இன்னும் ஏறும். புதுசு போட்டோம்.

கடைசியாகக் கூலன்ட். பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர். நம்ம ஊரில் தண்ணீர் உறையாது, பிறகு எதற்கு என்று கேட்டேன். அது துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் கூட்டும் என்றார் மாமா. ஒரு எச்சரிக்கை: பெரும்பாலான கூலன்ட்டில் எத்திலீன் கிளைகால் இருக்கிறது. இனிக்கும், ஆனால் விஷம். நாய் நக்கினால் செத்துப்போகும். எங்க மணி சுற்றிச் சுற்றி வந்ததால் பழைய தண்ணீர் பிடித்த பக்கெட்டை மூடி வைத்தோம்.

சனிக்கிழமை காலை சோதனை ஓட்டம். நான் ஒரு யோசனை சொன்னேன். அன்றைக்கு அப்பாவோடு நாலு பேர் இருந்தார்கள். சும்மா காலியாக ஏறினால் அது சரியான சோதனை ஆகாதே? அதனால் பின்சீட்டில் மாட்டுத் தீவனம் இரண்டு மூட்டை ஏற்றினோம். மாமா ஓட்ட, அப்பா பக்கத்தில், நான் மூட்டைகளுக்கு நடுவில். முள்ளை மட்டும் பார்த்து ஒவ்வொரு வளைவிலும் எழுதினேன். ஒன்பதாவது வளைவில் பாதி. அப்பா ஒன்றும் பேசவில்லை, கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டே இருந்தார். இருபத்திரண்டில் பாதிக்கு மேல் ஒரு நூல். ஃபேன் சத்தம் கேட்டது, இறங்கிவிட்டது. நாற்பதாவது வளைவிலும் பாதி. மேலே டீக்கடையில் மூடியைத் தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது. தொடவில்லை.

மொத்தச் செலவு 2,850 ரூபாய். நோட்டைக் காட்டியதும் விற்றவர் 1,500 குறைத்துக்கொண்டார். மாலையில் மீதிப் பணம் கொடுத்து ஆர்.சி. புத்தகம் வாங்கினோம். ஒன்பதாவது வளைவில் இறங்கிப் போன குடும்பம் இன்னும் எங்கள் காரைக் கூப்பிடவில்லை.

யாராவது வீட்டில் கார் இப்படி வழியில் கொதித்தால்: ஓரமாக நிறுத்தச் சொல்லுங்கள், ஏ.சி.யை அணைக்கச் சொல்லுங்கள். உடனே நிறுத்த இடமில்லை என்றால் ஹீட்டரைப் போடச் சொல்லுங்கள், வெந்து சாகலாம் போல இருக்கும், ஆனால் எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை அது இழுத்துக்கொள்ளும். அரைமணி நேரத்துக்கு மேல் ஆற விடணும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடித்துவிடும்.

என் நோட்டு டீச்சர் மேசையில் இருக்கிறது. பார்க்கணும்னா பார்க்கலாம், கிரீஸ் கறை இருக்கும். அட்டையை இன்னும் காருக்கு அடியில் போட்டுத்தான் வைத்திருக்கிறேன். டப்பாவில் தண்ணீர் நேற்றுக் காலையும் நெயில் பாலிஷ் கோட்டிலேயே நின்றது.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி